மெசின்லதானுங்க கோளாறு

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கோபித்துக்கொள்வாரோ என்கிற பயம் அல்ல. கோபம் அவருக்கு வராது. வந்தாலும் அதைச் சுற்றி நாலைந்து 'ங்க' போட்டு, எதிராளிக்கே அது கோபம் என்று தெரியாதபடி அனுப்பிவைப்பார். பெயரைப் பார்த்தால், "அருமையா எழுதியிருக்கறீங்க அம்மணி, அச்சுலதானுங்க எங்கியோ மசி அப்பிப்போச்சு" என்று போன் செய்வார். அதைக் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. ஸ்டுடியோக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். கோவையில் பாதிப் பேர் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுச் சேலைக் கடையின் மாடியில் அவருடைய ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. கூடம் என்றால் ஒரு பெரிய அறை, அதை இரண்டாகத் தடுக்கும் கண்ணாடி, சுவர் முழுக்க முட்டை அட்டை. எங்கள் முட்டை அட்டை. பல்லடத்துக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரருக்குக் கோழிப்பண்ணை. சுவரில் முட்டை அட்டையை ஒட்டினால் வெளிச்சத்தம் உள்ளே வராது என்று யாரோ ஒரு புண்ணியவான் ஸ்டுடியோக்காரருக்குச் சொல்லியிருந்தார். ஒட்டி முடித்த அன்று, கீழே ஓர் ஆட்டோக்காரர் இன்னோர் ஆட்டோக்காரரின் பரம்பரையை விசாரித்தது எங்களுக்கு ஓர் எழுத்து விடாமல் கேட்டது. "அட்டை எப்படீங்கண்ணா?" என்றேன். "அட்டை அருமைங்க அம்மணி. ரோடுதான் கொஞ்சம் கிட்டத்துல இருக்குது" என்றார். அன்றைக்கே எனக்கு அவரைப் புரிந்திருக்க வேண்டும்.

அட்டை கொடுப்பது ஒரு சாக்குதான். நான் போனது என் குரலுக்காக. தினமும் காலையில் கடைக்காரர்களுக்குப் போன் போட்டு முட்டை விலை சொல்வது பண்ணையில் என் வேலை. "ரேடியோவுல பேசறாப்பலயே இருக்குதுங்க அம்மணி" என்று ஒவ்வொரு கடைக்காரரும் சொல்லுவார். விலையில் எதையாவது குறைப்பேன் என்கிற நப்பாசையில் சொல்கிறார்கள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நான் நம்பியது கடைக்காரர்களை. விளம்பரம், கதை வாசிப்பு என்று குரலை வைத்தே பிழைத்துக்கொள்ளலாம், கோழித் தீவன வாசத்திலிருந்து வெளியே வந்துவிடலாம் என்று பெரிய கோட்டையே கட்டியிருந்தேன். அந்தக் கோட்டைக்குக் கடைக்கால் சரியாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டியவர் ஸ்டுடியோக்காரர். நான் போய்ச் சேர்ந்த இடம் அப்படி.

அவர் தம் வாழ்நாளில் ஒருத்தரிடமும் 'உங்கள் குரல் சரியில்லை' என்று சொன்னது கிடையாது. ஊரில் இதைப் பண்பு என்பார்கள். ஒலிப்பதிவு செய்கிறவருக்கு அந்தப் பண்பு இருந்தால், கண் டாக்டர் ஒருவர் 'உங்க பார்வை நல்லாத்தான் இருக்குது, போர்டுல எழுத்துதான் சின்னதுங்க' என்று சொல்லி அனுப்புகிற மாதிரி ஆகிவிடும்.

பாடி முடித்தவர் கண்ணாடி வழியே ஆவலாக ஸ்டுடியோக்காரரையே பார்ப்பார். ஸ்டுடியோக்காரர் தம் பெரிய ஸ்பூல் டேப் ரெக்கார்டரை நிறுத்துவார். எழுந்து, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, டேப் உரசி ஓடுகிற ஹெட்டைத் துடைப்பார். பஞ்சைத் திருப்பி வெளிச்சத்தில் பார்ப்பார். அது வெள்ளைவெளேரென்று இருக்கும். அதைப் பார்த்து வருத்தத்தோடு தலையை ஆட்டிவிட்டு, "மெசின்லதானுங்க கோளாறு. நீங்க பாடுனது அருமைங்க. இன்னொருக்கா போயிரலாமுங்களா?" என்பார்.

போகப்போக இந்தக் கோளாறுகளுக்கு ஓர் அகராதியே எனக்கு மனப்பாடமாகிவிட்டது. பாடகர் சுருதியைவிட்டு இறங்கினால், வோல்டேஜ் குறைவு. மோட்டார் மெதுவாக ஓடிவிட்டது. உப்புச்சப்பில்லாமல் பாடினால், மெசினுக்குள்ளே பல்பு மாதிரி எரிகிற வால்வு இன்னும் சூடாகவில்லை. மூக்கால் பாடினால், டேப்பில் ஈரம் ஏறிப்போச்சு. "எர்த்து சரியா கெடைக்க மாட்டீங்குதுங்க, இன்னொரு நாளைக்குப் பாக்கலாமுங்களா" என்றால் இந்த ஜென்மத்தில் வேண்டாம் என்று பொருள். எனக்கு அநேகமாக வால்வுதான். மாட்டுத் தீவனத்துக்கும் கண்ணாலச் சீருக்கான பாத்திரக் கடைக்கும் விளம்பரம் படிக்கப் போவேன். வால்வு சூடாகாமலே இருக்கும். அறையில் நாங்கள் இரண்டு பேரும் வேர்த்து ஊற்ற நின்றுகொண்டிருப்போம்.

வித்தை தெரியாத மனிதர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இன்றைக்கு எதிரொலி வேண்டும் என்றால் ஒரு பொத்தானை அமுக்குகிறார்கள். அவர் கட்டடத்துக்கு அடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியைக் காலிசெய்து, ஒரு மூலையில் ஒலிபெருக்கியை இறக்கி, மறுமூலையில் மைக்கைத் தொங்கவிட்டு, பாட்டை உள்ளே அனுப்புவார். அது சுவரில் மோதித் திரும்பும் சத்தத்தைப் பிடித்து மேலே கொண்டுவந்து பாட்டோடு கலந்தால், கல் மண்டபத்தில் நின்று பாடியதுபோல இருக்கும். சிறுவாணித் தண்ணீர் வந்து தொட்டி நிறைகிற நாளில் பக்திப் பாட்டுக்கு எதிரொலி கிடையாது. சேலைக் கடைக்காரர் தண்ணீர் எங்கே என்று சண்டைக்கு வந்தால், "தொட்டியில விரிசல் இருக்குதான்னு பாத்துட்டிருந்தனுங்க" என்பார். பாடுகிறவர் நடுவில் இருமிவிட்டால், டேப்பைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி இருமல் இருக்கும் இடத்தைக் காதாலேயே கண்டுபிடித்து, சவர பிளேடால் சாய்வாக நறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தை ஒட்டிவிடுவார். எங்கே ஒட்டினார் என்று கேட்கிறவருக்குத் தெரியாது. தரையில் சாக்பீஸ் கோடுகள் போட்டிருப்பார். குரலின் கனத்தைப் பொறுத்து ஒவ்வொருவரும் மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதற்கு அவை அடையாளம். "உங்க கொரலோட வேகத்தை இந்த மைக்கு தாங்கறதில்லீங்க" என்று மரியாதையாகச் சொல்லிச் சொல்லி, ஒருவரை மாடிப்படி வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தியதை நானே பார்த்திருக்கிறேன். அவரும் பெருமையாகப் போய் நின்றார்.

காதும் அப்படிப்பட்ட காது. ஒருநாள் என் கைக்கடிகாரத்தைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார். அது ஓடுகிற சத்தம் டேப்பில் விழுகிறதாம். பக்கத்துக் கட்டடத்தில் யாரோ குக்கரை இறக்கும் சத்தம் அடங்கட்டும் என்று பதிவை நிறுத்திவைப்பார். எனக்கு ஒன்றும் கேட்காது. அவர் வீட்டு அம்மாவிடம் இதைச் சொன்னபோது சிரித்துக்கொண்டே, "என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப ஒரு பாட்டுப் பாடச் சொன்னாங்க கண்ணு. பாடுனேன். எல்லாரும் இவரைப் பாத்தாங்க. 'சன்னலைச் சாத்தியிருந்தா இன்னும் நல்லா கேட்டிருக்கும்'னாரு. அன்னையோட பாட்டை உட்டுப்போட்டேன்" என்றார். அந்த அம்மா புத்திசாலி. எனக்கு அந்தப் புத்தி வர ரொம்பக் காலம் பிடித்தது.

இந்தப் பண்பில் அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஆபத்து ஒன்று இருந்தது. வேறு ஊராக இருந்தால், மெசினில் கோளாறு என்று சொன்னால் 'அப்படியா' என்று கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள். இது மெசின் ஓட்டிப் பிழைக்கிற ஊர். எந்த மெசின், என்ன கோளாறு, பார்ட்ஸ் எங்கே கிடைக்கும் என்று இறங்கிவிடுவார்கள்.

நூல் மில் முதலாளி ஒருவர் தம் குலசாமி கோயில் நோன்பித் திருவிழாவுக்காகப் பாட்டுப் பதிவுசெய்ய வந்தார். நல்ல மனிதர், கனத்த குரல். சுருதியோடு மட்டும் பேச்சுவார்த்தை இல்லை. ஸ்டுடியோக்காரர் முதலில் பிளேடை எடுத்தார். சுருதி விலகிய இடங்களையெல்லாம் வெட்டிப் பார்த்தார். கடைசியில் மேளச் சத்தமும் ஒரு 'ஆத்தா'வும் மிஞ்சின. அதற்குப் பிறகுதான் வோல்டேஜுக்குப் போனார். "அடடே, வோல்டேஜுங்களா? எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லீங்க" என்றார் மில் முதலாளி. அந்த வாரமே மில்லிலிருந்து ஆட்கள் வந்து ஒரு பீரோ அளவு ஸ்டெபிலைசரை இறக்கினார்கள். மறுபடி பாடினார். வால்வு என்றார் ஸ்டுடியோக்காரர். முதலாளி ஆளனுப்பி எங்கெங்கோ பழைய சாமான் கடைகளைச் சல்லடை போட்டுச் சலித்து வால்வு ஆம்ப்ளிபயர் கொண்டுவந்தார். அதிலும் பாடினார். கடைசியில் வெளிநாட்டு ஸ்பூல் மெசினே வந்து இறங்கியது. பொள்ளாச்சிக் கொப்பரை வியாபாரி ஒருவர் ரிப்பன் மைக் வாங்கித் தந்தார். அதற்குள்ளே இரண்டு காந்தத்துக்கு நடுவில் ஜரிகை மாதிரி மெல்லிய அலுமினிய நாடா தொங்கும்; குரல் பட்டால் அது ஆடும். பலமாக ஊதினால் கிழிந்துவிடும். வியாபாரி பாடிய முதல் பாட்டுக்கே கிழிந்தது. மைக்கிலதானுங்க கோளாறு.

இப்படி, கொங்கு மண்டலத்தில் யாருக்கெல்லாம் பாட்டு வராதோ அவர்கள் எல்லாரும் கூடிக் கட்டியதுதான் அந்தப் பழைய மெசின் காட்சிசாலை. அது தெரியாமல் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கொண்டை போட்ட பையன்கள் தேடி வந்தார்கள். மெசின்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பழைய ஒலியில் ஒரு வெதுவெதுப்பு இருக்கிறது, கம்ப்யூட்டரில் அது வராது என்றார்கள். இத்தனை வால்வு எரிகிற அறையில் மின்விசிறியையும் நிறுத்திவைத்திருந்தால் வெதுவெதுப்புக்கு என்ன குறை? "சார், எதுக்காக இந்தக் காலத்துலயும் பழைய மெஷினை விடாம வச்சிருக்கீங்க?" என்று ஒரு பையன் கேட்டான். "பழைய மெசின்னா பேச்சுக்கு அடங்குமுங்க" என்றார் ஸ்டுடியோக்காரர். அவன் அதைப் பெரிய தத்துவம் என்று போனில் குறித்துக்கொண்டான். எனக்கு மட்டும் விளங்கியது. பழைய மெசின் மேல் எந்தப் பழியைப் போட்டாலும் அது எதிர்த்துப் பேசாது.

நன்றாக வந்துவிட்டால் என்ன சொல்வார்? அதையும் ஒருமுறை பார்த்தேன். பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்கு ஓர் அறிவிப்புப் பதிவுசெய்ய வேன் ஓட்டுகிற ஒருவர் வந்தார். மாடு கட்டும் இடம், தண்ணீர் வைக்கும் இடம், வண்டி நிறுத்தும் இடம். பேசினார். ஸ்டுடியோக்காரர் மெசினை நிறுத்தினார். பஞ்சை எடுக்கவில்லை. ஸ்பூலைக் கழற்றினார். "ஆச்சுங்க" என்றார். அவ்வளவுதான். வேன்காரருக்கு முகம் வாடிவிட்டது. "ஒரு வார்த்தை நல்லா இருக்குதுன்னு சொல்லலியேங்க" என்று என்னிடம் அங்கலாய்த்தார். எனக்கு அவரைப் பார்த்து வயிறு எரிந்தது. அருமைங்க, பிரமாதமுங்க என்று எத்தனையோ பட்டம் வாங்கியிருக்கிறேன். அந்த ஒற்றை 'ஆச்சுங்க' மட்டும் எனக்குக் கிடைத்ததில்லை. மாட்டுச் சந்தைக்குக் கிடைத்துவிட்டது.

பிறகு சென்னையில் ஒரு நிறுவனம், கதைகளைக் குரலில் படித்து விற்பதற்கு ஆள் தேடியது. ஒரு கதையைப் படித்து அனுப்ப வேண்டும். என் வீட்டுக்காரர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "அவிய எடுத்துக்கிட்டா பண்ணை ஆபீசுக்கு வேற ஆள் போட்டுக்கலாம் அம்மணி. இல்லீன்னா இந்தப் பேச்சை இத்தோட உட்ரோணும்." நியாயமான பேச்சு. அதனால்தான் எரிச்சலாக இருந்தது.

நான் படிக்கப் போன சமயத்தில் ஸ்டுடியோ மாறியிருந்தது. பெங்களூரில் இருக்கும் அவருடைய மகள் வந்து, மெசின்களையெல்லாம் ஒரு காப்பிக் கடைக்காரருக்குக் காட்சிக்கு வைக்கக் கொடுத்துவிட்டு, அப்பாவுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவைத்துவிட்டாள். ஸ்டெபிலைசர் இருந்த இடத்தில் ஒரு தொட்டிச் செடி இருந்தது. ஹெட் இல்லை, வால்வு இல்லை, டேப் இல்லை. கரண்டு போனாலும் பேட்டரியில் ஓடும். குரல் திரையில் பச்சைக் கோடாக ஏறி இறங்கியது.

கதையைப் படித்தேன். உயிரைக் கொடுத்துப் படித்தேன் என்றே சொல்லுவேன். முடித்துவிட்டுக் கண்ணாடி வழியே அவரைப் பார்த்தேன். பதிவை முழுக்கக் கேட்டார். கை பழக்கத்தில் பஞ்சை எடுத்தது. ஸ்பிரிட்டில் நனைத்தது. துடைப்பதற்கு எதுவும் இல்லாமல் மேசைக்கு மேலே அப்படியே நின்றது. அறையைச் சுற்றிப் பார்த்தார். செடியைப் பார்த்தார். அதன் மேல் பழிபோட முடியுமா என்று ஒரு கணம் யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன். இன்றைக்கு வேறு வழியில்லை, ஒன்று 'ஆச்சுங்க' என்பார், இல்லை உண்மையைச் சொல்வார்.

"அம்மணி" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீங்க படிச்சது அருமைங்க. எனக்குத்தானுங்க கொஞ்ச நாளா காது சரியா கேக்கறதில்லீங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். அழுகையும் வந்தது. அந்தப் பதிவை ஒரு பென் டிரைவில் போட்டுத் தந்திருந்தார். அதை அனுப்பாமல் மேசை டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

அடுத்து மில் முதலாளி பாட வந்தார். அவரிடமும் காதுதான். கொப்பரை வியாபாரியிடமும் காதுதான். ஸ்டுடியோக்காரருக்குக் காது போய்விட்டது என்ற சேதி காந்திபுரத்தில் பஸ் ஏறி பல்லடம் தாண்டிப் போனது. காது கேட்காதவரிடம் யார் பதிவுசெய்ய வருவார்கள்? விளம்பரக்காரர்கள் வருவது நின்றது. எதிரில் பார்க்கிறவர்களெல்லாம் அவரிடம் கத்திப் பேசினார்கள். அவர் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார். இந்த ஊர் விடுமா? மில் முதலாளி இருக்கிறதிலேயே உசத்தியான, வெளிநாட்டுக் காது மெசின் ஒன்றை வரவழைத்துத் தம் கையாலேயே அவர் காதில் மாட்டிவிட்டார். "இப்ப எப்படீங்க கேக்குது?" என்று கத்தினாராம். "அருமைங்க" என்றாராம் இவர்.

இத்தனைக்கும் பிறகு எனக்கு ஒரு சபலம் தட்டியது. காது மெசின் மாட்டுகிற அளவுக்குப் போயிருக்கிறது என்றால், அன்றைக்கு அவருக்கு நிஜமாகவே கேட்கவில்லையோ? அப்படியானால் என் வாசிப்பில் குறையில்லையோ? சென்னை நிறுவனம் அந்த வருடமும் ஆள் எடுப்பதாக அறிவித்திருந்தது. டிராயரைத் திறந்து பென் டிரைவைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். மில் முதலாளியின் பேத்தி கண்ணாலத்துக்குப் போகும்போதும் அது பையில் இருந்தது.

முகூர்த்தம் முடிந்ததும் மில் முதலாளியே மேடையேறி மைக்கைப் பிடித்துவிட்டார். சாப்பாட்டுப் பந்திக்கு அவ்வளவு சீக்கிரம் கூட்டம் ஓடியதை நான் வேறெந்தக் கண்ணாலத்திலும் பார்த்ததில்லை. முன்வரிசையில் ஸ்டுடியோக்காரர் மட்டும், காதில் மெசினோடு, கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். பாட்டு முடிந்து முதலாளி தண்ணீர் குடிக்க நிறுத்தினார். மண்டபம் அமைதியானது. நான் மேடையைப் பார்த்தபடியே, எனக்கே கேட்காத குரலில், "மெசின்ல பேட்டரி இருக்குதுங்களாண்ணா?" என்று முணுமுணுத்தேன்.

அவரும் கண்ணைத் திறக்காமல், உதடு அசையாமல், "கழட்டி ஜோப்புல வெச்சிருக்கறனுங்க அம்மணி. சத்தம் தாங்க முடியறதில்லீங்க" என்றார். சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வந்த வேகத்தில் நின்றுவிட்டது. பேட்டரி இல்லாமலே என் முணுமுணுப்பு அவருக்குக் கேட்டுவிட்டது. அப்படியானால் அன்றைக்கும் கேட்டிருக்கிறது. ஒரு வரி விடாமல் கேட்டிருக்கிறது. என்னிடம் ஓர் உண்மையைச் சொல்லக் கூச்சப்பட்டு, காதை வைத்துப் பிழைக்கிற மனிதர் தம்மைச் செவிடு என்று சொல்லிக்கொண்டு தொழிலையே தொலைத்திருக்கிறார். அவர்மேல் ஆத்திரமும் பிரியமும் ஒன்றாக வந்தன. எது அதிகம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இருந்தாலும் அவர் வாயால் ஒருதடவை கேட்டுவிட வேண்டும் என்றிருந்தது. பையில் இருந்த பென் டிரைவைக் கையில் பிடித்துக்கொண்டு, முன்னைப் போலவே முணுமுணுத்தேன். "அன்னைக்கு நான் படிச்சது எப்படீங்கண்ணா இருந்துச்சு?"

அவர் கண்ணைத் திறந்து என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி உரக்கக் கேட்டார்.

"என்னங்க அம்மணி? காது கேக்கறதில்லீங்க."

இப்போது அவர் பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே அந்தக் காதுக்கு என்ன வேலை கொடுக்கிறார்களோ தெரியாது.

கண்ணாலத்துக்கு மறுநாள் காலை வழக்கம்போல ஆபீசில் உட்கார்ந்து ஒவ்வொரு கடைக்கும் முட்டை விலை சொன்னேன். ராத்திரியெல்லாம் சரியாகத் தூங்கவில்லை, தொண்டை கட்டியிருந்தது. பொள்ளாச்சிக் கடைக்காரர் விலையைக் கேட்டுக்கொண்டு, "ஏனுங்க அம்மணி, கொரல் ஒரு மாதிரியா இருக்குதுங்களே, என்ன ஆச்சுங்க?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். "போன்லதானுங்க கோளாறு."